பாலையைக் கடக்கும் கணக்கு

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், அவுட்பேக் என்று சொல்லப்படும் வறண்ட நிலத்துக்குள் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் போக ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்த நிறுவனத்தின் வண்டி, எத்தனை குதிரைத்திறன், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச் பொருத்தலாமா, கூரைமேல் கூடாரம் வைக்கலாமா என்று கேள்விகள் நீளும். அவை தேவையான கேள்விகள்தான். ஆனால் அந்த நிலத்தில் உயிரைக் காப்பது எது என்று அறிவியலைக் கேட்டால் விடை வேறு திசையில் கிடைக்கிறது. தண்ணீர், எரிபொருள், எடை, காலம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றிலிருந்து கழித்தாக வேண்டும். இந்த நான்கின் வரவு செலவை வீட்டு மேசையில் வைத்தே போட்டுப் பார்ப்பதுதான் பயணத் திட்டத்தின் உயிர்நாடி. கடைக்குப் போய் வாங்கும் கருவிகள் எல்லாம் அந்தக் கணக்குக்கு அடங்கி நடக்க வேண்டியவை. அது ஏன் என்பதை மனித உடலில் தொடங்கி, டயர், இரும்பு, மழை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால், உடலுக்குத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வியர்வை ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்கும். மணலில் நடந்தால் அது 350 வாட்டைத் தாண்டும். நேர் வெயிலும் தரையிலிருந்து எழும் வெப்பமும் சேர்ந்து இன்னும் 200 வாட் அளவுக்கு உடம்பில் ஏற்றும். ஆக, 40 டிகிரி செல்சியஸ் வெயிலில் நடக்கிறவர் ஏறத்தாழ 600 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 0.9 லிட்டர் வியர்வை தேவை. அதே மனிதர் நிழலில் அசையாமல் இருந்தால் மணிக்கு 0.3 லிட்டர் போதும். இப்போது 10 லிட்டர் கேனை எடுத்துக்கொள்வோம். அதைச் சுமந்து நடந்தால் பதினொரு மணி நேரத்தில் தண்ணீர் தீரும். மணல் தரையில் அதற்குள் 40 கிலோமீட்டர் கடப்பதே அரிது. நிழலில் கிடந்தால், இரவின் குளுமையையும் சேர்த்துக் கணக்கிட, அதே தண்ணீர் இரண்டு நாளுக்கும் மேல் வரும். அடுத்த மனிதக் குடியிருப்பு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாட்டில் இந்த இரண்டில் எது வழி என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நகராதே என்று ஆஸ்திரேலியக் காவல் துறையும் பூங்கா அலுவலர்களும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். 1963 டிசம்பரில், மரீயையும் பேர்ட்ஸ்வில்லையும் இணைக்கும் 517 கிலோமீட்டர் நீளமான பேர்ட்ஸ்வில் மண்பாதையில், பெற்றோரும் மூன்று மகன்களுமாக ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் எரிபொருள் தீர்ந்து நின்றது. காரை விட்டுவிட்டு நடந்த ஐவரும் தாகத்தில் இறந்தார்கள். இரவில் நடக்கலாமே, வியர்வை குறையுமே என்று ஒருவர் கேட்கலாம். வியர்வை குறையும் என்பது உண்மை. ஆனால் தேடுகிறவர்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். விமானத்திலிருந்து பார்க்கையில் கண்ணாடியும் தகடும் மின்னும் வண்டி தெரியும்; புதரடியில் சுருண்டு கிடக்கும் மனிதர் தெரியமாட்டார். நடந்து போனவரைத் தேட வேண்டிய பரப்பு அவர் நடக்கும் தூரத்தின் வர்க்கத்தில் பெருகுகிறது. 5 கிலோமீட்டர் ஆர வட்டத்தின் பரப்பு சுமார் 79 சதுர கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் ஆரமானால் அது 1,250 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிடும். நான்கு மடங்கு நடை, பதினாறு மடங்கு தேடல்.

தண்ணீரைப் பற்றிய இன்னொரு நம்பிக்கையையும் அறிவியல் உடைத்திருக்கிறது. குறைவாகக் குடித்தால் அதிக நாள் தாங்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக உடலியலாளர் எட்வர்டு அடால்ஃபும் அவருடைய குழுவினரும் பாலையில் படைவீரர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 1947-ல் அந்த முடிவுகள் நூலாக வந்தன. வியர்வையின் அளவைத் தீர்மானிப்பது வெப்பச் சுமைதான். குடிக்கும் அளவைச் சுருக்கினால் வியர்வை அதற்கேற்பச் சுருங்குவதில்லை, உடல்தான் வற்றுகிறது என்று அவர்கள் கண்டார்கள். 49 டிகிரி வெப்பத்தில் தண்ணீரே இல்லாமல் நிழலில் இருப்பவர் ஏறத்தாழ இரண்டு நாள்தான் தாங்குவார் என்பது அவர்களுடைய மதிப்பீடு. மிச்சப்படுத்த வேண்டியது வியர்வையை என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம். அதனால் நிழல் தரும் ஒரு தார்ப்பாய் சில லிட்டர் தண்ணீருக்குச் சமம். சிக்கிய வண்டியை நண்பகலில் மண்வெட்டி எடுத்துத் தோண்டாமல் மாலைவரை காத்திருப்பதும் தண்ணீர்க் கணக்கில் வரவாகவே சேர்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை லிட்டர் என்று போடும்போது, பயண நாள்களோடு நின்றுபோகும் நாள்களையும் சேர்த்தே போட வேண்டும். இரண்டு பேர், ஐந்து நாள் பயணம், ஆளுக்கு 6 லிட்டர் என்றால் 60 லிட்டர். உதவி வரும்வரை மூன்று நாள் காத்திருக்க ஆளுக்கு 8 லிட்டர் வீதம் இன்னும் 48. மொத்தம் 108 லிட்டர், அதாவது 108 கிலோ.

தண்ணீர் கிலோவாக மாறிய இடத்தில் மணல் குறுக்கே வருகிறது. மணலில் வண்டி ஓடும் விதத்தை முதலில் ஆழமாகப் புரிந்துகொண்டவர்களுள் ஒருவர் பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு. 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களிலும் எகிப்திலிருந்து லிபியப் பாலைவனத்துக்குள் சாதாரண ஃபோர்டு கார்களில் அவர் நெடும்பயணங்கள் போனார். டயரின் காற்றை இறக்குவது, சக்கரத்தடியில் இரும்புப் பட்டைகளைப் போடுவது, கொதிக்கும் ரேடியேட்டரின் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்குவது எல்லாம் அவருடைய குழு நடைமுறைக்குக் கொண்டுவந்த உத்திகள். பிறகு மணலின் இயக்கத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஆராய்ந்து 1941-ல் அவர் எழுதிய நூல், இன்றும் செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளை ஆராய்கிறவர்களுக்கு அடிப்படை நூல். சக்கரத்துக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைத் தனி அறிவியல் துறையாக வளர்த்த போலந்துக்காரர் மைச்சிஸ்லாவ் பெக்கர், அப்போலோ 15 முதல் 17 வரை நிலவில் ஓடிய வண்டியின் வடிவமைப்பிலும் பங்காற்றினார். பாலையில் டயர் அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கைவைப்பது இந்த மரபின் மேல்தான்.

அந்த இயற்பியல் எளிமையானது. 3 டன் வண்டியின் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 750 கிலோவைத் தாங்குகிறது. தார்ச்சாலைக்கு ஏற்ற 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 270 சதுர சென்டிமீட்டர். 16 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் அது 670-ஐ நெருங்கும். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமை தாங்குவதால் உண்மையான மாற்றம் இதைவிடக் குறைவு. ஆனாலும் மணல் மீது விழும் அழுத்தம் பெருமளவு தணிகிறது. தடம் நீளமாக விரிவதால் சக்கரம் மணலுக்குள் புதைவது குறைகிறது. புதைந்த சக்கரம் தன் எதிரே குவியும் மணலை இடைவிடாமல் தள்ளி ஏறுவதில் வீணாகும் ஆற்றலும் குறைகிறது. காற்று இறக்காமல் எஞ்சின் பலத்தை மட்டும் நம்புகிறவர் அந்தப் பலத்தைக் கொண்டு குழிதான் தோண்டுகிறார். இந்த ஆதாயத்துக்கும் விலை உண்டு. காற்று குறைந்த டயர் அதிகமாக வளைந்து நெளிவதால் சூடேறும். அதே அழுத்தத்தில் கெட்டித் தரையில் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் கிழியும். ஆகவே அழுத்தமானியும் காற்றடிக்கும் கம்ப்ரசரும் கட்டாயம். வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் அதே அளவுக்குக் கட்டாயம். வேகம் குறைந்தால் நாள்கள் கூடும். நாள்கள் கூடினால் தண்ணீர் கூடும்.

எரிபொருளுக்கு வருவோம். சிம்ப்சன் பாலைவனத்தில் ஏறத்தாழ இணையாக ஓடும் மணல்மேடுகள் 1,100-க்கும் மேல். அந்தப் பாலைவனத்தைக் காரில் முதன்முதலில் கடந்தவர் நிலவியலாளர் ரெஜ் ஸ்பிரிக், 1962-ல், குடும்பத்தோடு. மேற்கே மவுண்ட் டேரிலிருந்து கிழக்கே பேர்ட்ஸ்வில் வரை, வழியைப் பொறுத்து, ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நடுவில் எரிபொருள் கிடையாது. தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் குடிக்கும் டீசல் வண்டி இங்கே 20, 25 லிட்டர் கேட்கும். 25 என்று வைத்தால் 125 லிட்டர். வழி மாறுதலுக்கும் திரும்பி வருவதற்குமான இருப்பாக இன்னும் 40. கானிங் ஸ்டாக் ரூட் என்னும் நெடும்பாதை இதைவிடக் கடுமையானது. விலூனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை சுமார் 1,850 கிலோமீட்டர். தெற்கு முனையிலிருந்து வழியிலுள்ள குனவரிட்ஜி குடியிருப்பை அடையவே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் என்றாலும் 200 லிட்டர், இருப்போடு 250. டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ என்பதால் இது 210 கிலோ. மேட்டில் ஏறும் வேலையும் மணலின் தடையும் வண்டியின் மொத்த எடைக்கு விகிதமாகவே அமைவதால், கூட்டுகிற ஒவ்வொரு கிலோவும் தன் பங்கு டீசலைக் கேட்டு வாங்கும். மணல்மேடுகளின் கிழக்குச் சரிவு செங்குத்தானது, மேற்குச் சரிவு சாய்வானது என்பதால் மேற்கிலிருந்து கிழக்கே போவது எளிது. எந்தத் திசையில் போவது என்று எடுக்கும் முடிவுகூட எரிபொருள் முடிவுதான்.

எடையின் உண்மையான தண்டனை டீசலைவிட இரும்பில்தான் அதிகமாகத் தெரியும். மண்பாதைகளில் குறுக்கே வரிவரியாக விழும் சிற்றலைகள் அவுட்பேக்கின் நிரந்தரத் தொல்லை. நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெயின் ஆகிய இயற்பியலாளர்கள் 2007-ல் சோதனைவழி காட்டியபடி, ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டி உருளும் சக்கரம் தளர்ந்த தரையில் இந்த வரிகளைத் தானாகவே உண்டாக்குகிறது. வண்டியின் ஸ்பிரிங் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பொருட்டில்லை. அதனால் வரிகள் இல்லாத பாதை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அவற்றின் மீது ஓடும் வண்டியின் ஒவ்வொரு பற்றவைப்பும் லட்சக்கணக்கான சிறு அதிர்ச்சிகளை வாங்குகிறது. இப்படித் திரும்பத் திரும்ப விழும் சுமையால் பற்றவைத்த இணைப்புகள் சோர்ந்து உடையும் காலம், சுமையின் ஏறத்தாழ மூன்றாம் படிக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது என்பது பொறியியலாளர்கள் நம்பிக் கணக்கிடும் விதி. சுமை பத்து விழுக்காடு கூடினால் ஆயுளில் கால்பங்கு போய்விடும். இருபது விழுக்காடு கூடினால் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் போகும். பாலை நடுவில் முறிந்து நிற்கும் அச்சுக்கும் சேஸிக்கும் பின்னால் பெரும்பாலும் இந்த விதி இருக்கிறது. ஷாக் அப்சார்பர்களும் அதிர்ச்சியை வெப்பமாக மாற்றித்தான் அடக்குகின்றன. எடையும் வேகமும் கூடினால் சூடேறிச் செயலிழக்கின்றன.

பாதுகாப்புக்காகத்தானே கூடுதலாகக் கொண்டுபோகிறோம் என்ற மறுப்பு இங்கே எழும். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறவர்கள் எடை அனுமதியைக் கூட்டிப் பார்ப்பதில்லை. இத்தகைய வண்டிகள் பல, ஆட்களையும் சேர்த்து, 600 முதல் 1,000 கிலோ வரைதான் சுமக்க அனுமதி பெற்றவை. இரண்டு பேர், முன்தடுப்புக் கம்பி, வின்ச், கூரைக்கூடாரம், குளிர்பெட்டி, மேலதிக பேட்டரி, இரண்டாவது உதிரிச் சக்கரம் என்று அடுக்கினால் தண்ணீரும் டீசலும் ஏறும் முன்பே அனுமதியில் பாதிக்குமேல் தீர்ந்திருக்கும். கூரையில் ஏறிய எடை வண்டியின் ஈர்ப்பு மையத்தை உயர்த்தி, மணல்மேட்டில் சாய்ந்து ஓடுகையில் கவிழும் வாய்ப்பையும் கூட்டும். இரட்டை ஏற்பாடு பலன் தருவது, முதலாவதைக் கெடுத்த காரணம் இரண்டாவதையும் கெடுக்காதபோதுதான். 100 லிட்டர் தண்ணீரை ஒரே தொட்டியில் வைத்தால் ஒரு கல் போதும். ஐந்து தனித்தனிக் கேன்களில் வைத்தால், எடை கூடாமலே பாதுகாப்பு கூடுகிறது. ஒரே அளவு டயர்களும் ஒரே வகை எஞ்சினும் கொண்ட இரண்டு வண்டிகள் சேர்ந்து போனால் உதிரி பாகங்களின் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம். இரண்டாவது வண்டியைவிடச் சிறந்த பாதுகாப்புக் கருவியை எந்தக் கடையும் விற்பதில்லை.

நான்காவது கணக்கு காலம். ஊட்னடாட்டா என்ற ஊரில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஆஸ்திரேலியாவில் பதிவான உச்ச வெப்பம் அதுதான். 2022-ல் ஆன்ஸ்லோ என்ற ஊர் அதை எட்டியது, தாண்டவில்லை. இந்தக் காரணத்தால்தான் சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்காவைத் தெற்கு ஆஸ்திரேலிய அரசு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடிவைக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை பயணத்துக்கு உகந்த காலம்; அப்போதும் இரவில் வெப்பம் உறைநிலைக்குக் கீழே போகக்கூடும். மழையைக் கணிப்பது இன்னும் நுட்பமானது. ஐர் ஏரியின் வடிநிலம் சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் நகர்ந்து, ஒரு துளியும் பெய்யாத இடத்தின் பாதையைத் துண்டிக்கும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறது என்பது அங்கே எதற்கும் சான்றல்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்ததையும் பாதை மூடல் அறிவிப்புகளையும் பார்த்தாக வேண்டும். மழை பெய்த பருவத்துக்குப் பிறகு ஸ்பினிஃபெக்ஸ் புல் உயர்ந்து வளர்ந்து காய்ந்து, வண்டியின் அடியில் சூடான புகைக்குழாயைச் சுற்றிச் சேர்ந்து தீப்பிடிக்கும். அடிப்பகுதியை நாள்தோறும் பலமுறை குனிந்து பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த நிறுத்தங்களுக்கான நேரமும் கணக்கில் வர வேண்டும்.

செயற்கைக்கோள் வந்தபின் இதெல்லாம் பழங்கதை என்பது இன்று மிக வலுவாக ஒலிக்கும் மறுப்பு. அதில் உண்மை நிறைய இருக்கிறது. 406 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைபரப்பியை இயக்கினால் காஸ்பாஸ்-சார்சாட் செயற்கைக்கோள்கள் வழியே கான்பெராவிலுள்ள மீட்பு மையத்துக்கு இருப்பிடம் போய்ச் சேர்கிறது. சட்டைப் பையில் வைக்கும் சிறிய வகை குறைந்தது 24 மணி நேரம் சமிக்ஞை அனுப்பும். 1963-ல் இப்படி ஒன்று இருந்திருந்தால் அந்த ஐந்து பேரும் பிழைத்திருக்கலாம். இதை எடுக்காமல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் கருவி செய்வது காத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவது. காத்திருப்பையே அது நீக்கிவிடுவதில்லை. விமானம் வந்து சேர மணிக்கணக்கு ஆகும், வானிலை கெட்டால் நாள்கணக்கு ஆகும். அதுவரை மூன்று நாள் தண்ணீர் என்ற வரி கணக்கில் இருந்தே ஆக வேண்டும். அதோடு, அலைபரப்பி உயிராபத்துக்கு மட்டுமே உரியது. உடைந்த அச்சுக்கு உதிரி பாகம் கேட்க அதை இயக்கக் கூடாது. அதற்குச் செயற்கைக்கோள் தொலைபேசியோ எச்.எஃப். வானொலியோ வேண்டும். மணல்மேட்டின் மறுபக்கம் வருகிறவரை எச்சரிக்க யு.எச்.எஃப். வானொலியும், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் பறக்கும் கொடியும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த வழியில் போகிறோம், எந்த நாள் எந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கருவி பேசாமல் போனாலும் அந்தக் காகிதம் பேசும்.

இன்னொரு கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழும் பழங்குடி மக்கள் டீசலும் தொட்டியும் இல்லாமல் அந்தப் பாலையில் வாழ்ந்தார்களே, பிறகு இத்தனை கணக்கு எதற்கு? அவர்கள் கணக்கில்லாமல் வாழவில்லை. அவர்களுடைய கணக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு செறிவானது. எந்தப் பாறைக்குழியில் எந்தப் பருவத்தில் எத்தனை பேருக்குத் தண்ணீர் இருக்கும், அது வற்றினால் அடுத்தது எங்கே என்ற அறிவு பாட்டாகவும் சடங்காகவும் தலைமுறைகளைக் கடந்து வந்தது. இதற்கு வேதனையான சான்று கானிங் ஸ்டாக் ரூட்டேதான். 1906-ல் அந்த வழியை அளந்த ஆல்ஃப்ரெட் கானிங், தண்ணீர் இருக்கும் இடங்களைக் காட்டச் சொல்லி மண்ணின் மக்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி அழைத்துப் போனார். அந்தப் பயணத்தின் சமையல்காரர் கொடுத்த புகாரால் 1908-ல் அரச விசாரணைக் குழு அமைந்தது. அது கானிங்கைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மரபு ஊற்றுகள் பல கிணறுகளாக வெட்டப்பட்டன. இன்று அந்த வழியில் போக மரபுரிமை மக்களிடம் அனுமதி பெற வேண்டியிருப்பதைச் சிலர் அலுவலகத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். எடுத்துக்கொண்ட அறிவுக்கும் நிலத்துக்கும் காட்டும் குறைந்தபட்ச மரியாதை அது. நாம் தொட்டியில் நிரப்பிச் செல்லும் 108 லிட்டர், நம்மிடம் இல்லாத அந்த அறிவுக்கு ஈடாக நாம் சுமக்கும் எடை.

இவ்வளவு கணக்குப் போட்டால் சாகசம் எங்கே என்று கேட்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. பாலையில் ஒருவர் எடுக்கும் அபாயம் அவரோடு முடிவதில்லை. சில நூறு பேர்கூட இல்லாத ஊரின் ஒரே காவலர், ஒரே செவிலியர், 1928 முதல் அந்த நிலத்துக்கு மருத்துவம் சுமந்து செல்லும் பறக்கும் மருத்துவர் சேவையின் விமானி என எல்லோரும் அதில் இழுக்கப்படுகிறார்கள். அவர்கள் தேடலில் இருக்கும் நேரத்தில் இன்னொரு நோயாளி காத்திருக்க நேரிடும். கணக்குப் போட்டவருக்குப் பாலையின் அழகு குறைந்துவிடுவதும் இல்லை. தண்ணீரும் டீசலும் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்தவரால்தான் ஒரு மாலையைக் கவலையின்றி மணல்மேட்டின் மேல் கழிக்க முடியும்.

ஆகவே திட்டத்தின் கடைசி வரி, திரும்பும் எல்லையாக இருக்க வேண்டும். கடக்கும் பாதையின் பாதியை எட்டுமுன் டீசலில் பாதி தீர்ந்தால் திரும்புவோம். முன்னே போக எத்தனை நாளாகுமோ அத்தனை நாளுக்கும், அதற்கு மேல் மூன்று நாளுக்கும் தண்ணீர் இல்லையென்றால் திரும்புவோம். ஒரே உதிரிச் சக்கரத்தையும் மாட்டிவிட்டால் திரும்புவோம். எண்கள் வண்டிக்கு வண்டி மாறலாம், ஆனால் அவற்றை வீட்டிலேயே தீர்மானித்து, உடன் வரும் எல்லோரும் ஒப்புக்கொண்டு எழுதிவைக்க வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம், ஏற்கெனவே செலவான உழைப்பை முன்னே போவதற்கான காரணமாகக் காட்டும். வெப்பத்தில் வற்றத் தொடங்கிய மூளை அந்த வாதத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும். உடலும் மணலும் இரும்பும் தங்கள் விதிகளை நமக்காகத் தளர்த்துவதில்லை. அவற்றோடு பேசி முடிவெடுக்க ஏற்ற நேரம், வண்டியில் ஏறுவதற்கு முந்தைய மாதம்தான். அந்த மாதத்தில் வின்ச் வாங்கச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்த நான்கு கணக்குகளுக்கும் ஒதுக்குகிறவர், தன்னையும் தன்னைத் தேடி வர வேண்டியவர்களையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்.